புரதம் பற்றிக் கேளுங்கள்: ஆனைகட்டி உயிர்வேதியியல் ஆசிரியரின் பதில்கள்

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): முட்டையை வேகவைத்தால் புரதம் அழிந்துவிடுமா, ஐயா?

புரதச் சங்கிலியின் மடிப்பு குலையும், அந்தச் சங்கிலியைக் கட்டிய அமினோ அமிலங்கள் அப்படியே இருக்கும். பச்சை முட்டையைவிட வெந்ததுதான் நன்றாகச் செரிக்கும்.

கேள்வி (அகளி): என் தம்பி மகனுக்கு அரிவாள் செல் சோகை. புரதப் பவுடர் கொடுத்தால் குணமாகும் என்கிறார்கள்.

ஆகாது. குறை சாப்பாட்டில் இல்லை. சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம் ஹீமோகுளோபின். அதன் சங்கிலிகளில் ஒரு வகையான பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் உண்டு. ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வேலின் வந்து உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் குளூட்டாமிக் அமிலம் தண்ணீரோடு உறவாடும்; வேலின் தண்ணீரைக் கண்டாலே ஒதுங்கும். ஆக்சிஜனை இறக்கிவிட்ட நிலையில் அந்த வேலின் பக்கத்து மூலக்கூறின் குழியில் போய்ப் பொருந்திக்கொள்கிறது. இப்படி ஒன்றையொன்று பிடித்து நீண்ட இழைகளானதும் சிவப்பணு அரிவாளாக வளைந்து நுண்குழாய்களை அடைக்கிறது. பையனுக்கு வரும் வலி அதுதான். 120 நாள் வாழ வேண்டிய அணு சில வாரங்களில் சிதைகிறது, சோகை அதனால். இந்த நோயாளிகளின் ஹீமோகுளோபினே வேறு என்று 1949-இல் வேதியியலாளர் லைனஸ் பாலிங்கின் குழு காட்டியது. எந்த அமினோ அமிலம் மாறியது என்று பின்னர் உயிர்வேதியியலாளர் வெர்னன் இங்க்ராம் கண்டுபிடித்தார். மருத்துவர் ஹைட்ராக்சியூரியா தந்திருந்தால் நிறுத்தாதீர்கள். பையன் கருவிலிருந்தபோது அவனுக்கு இருந்த வகை ஹீமோகுளோபினை அந்த மருந்து கூட்டும். அந்த வகை இழையில் சேராது. தண்ணீர் நிறையக் குடிக்கட்டும்.

கேள்வி (வாளையார்): கொலாஜன் பவுடர் தோலுக்குப் போகுமா?

கொலாஜன் என்பது தோலையும் மூட்டையும் தாங்கும் புரதம். தின்றால் குடலிலேயே துண்டு துண்டாகிவிடும். அந்தத் துண்டுகளை எங்கே சேர்ப்பது என்பதை உடல்தான் முடிவு செய்யும், டப்பாவின் விளம்பரம் அல்ல.

கேள்வி (சித்தூர்): மூட்டுக்குக் கொலாஜன்?

வாளையார்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (அகளி, வேறொருவர்): இந்த அரிவாள் செல் நோய் முன்னோர் பாவம் என்கிறார்களே?

பாவமா? மலேரியா மிகுந்த ஊர்களில் இந்த மரபணுவின் ஒரே ஒரு பிரதி உள்ளவர்களைக் கடும் மலேரியா எளிதில் கொல்லவில்லை. அதனால்தான் அது நிலைத்தது. நம் மலைகளில் இது இருப்பதும் அப்படித்தான்.

கேள்வி (ஆனைகட்டி): அப்படியானால் நல்லதுதானே? பரிசோதனை எதற்கு?

ஒரு பிரதி இருந்தால் பெரும்பாலும் தொல்லையில்லை. இரண்டு பிரதி சேர்ந்தால்தான் நோய். கணவன் மனைவி இருவரிடமும் ஒவ்வொன்று இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. கல்யாணத்துக்கு முன்பே இரத்தம் பாருங்கள் என்று இதற்காகத்தான் தொண்டை வற்றச் சொல்கிறேன்.

கேள்வி (அவரே): முதல் குழந்தைக்கு வந்துவிட்டால் அடுத்த மூன்றுக்கும் வராது அல்லவா?

வரலாம், தம்பி. ஒவ்வொரு கருவுக்கும் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது.