பேச்சி ஏன் மன்னிப்புக் கேட்கவில்லை?

கடிதம்:

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். நீங்கள் எழுதிய பேச்சி கதையை ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு வாங்கிக் கொடுத்தேன். பூப்பறிக்கப் போகிற பெண் என்றதும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் கதை என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் பேச்சி எடை கூட்டுவதற்காகக் கூடைக்கு அடியில் ஈரச்சாக்கை வைக்கிறாள். பிடிபட்டதும் கூடப் பறிக்கும் முத்துமாரியின் மேல் பழியைப் போடுகிறாள். முத்துமாரிக்கு வேலை போகிறது, வீட்டில் அடியும் விழுகிறது. கடைசிப் பக்கம் வரை பேச்சி ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. இதைப் படித்துப் பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்வார்கள்? நம் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்கு வேலு நாச்சியார் மாதிரி, குறை சொல்ல முடியாத வீரப் பெண்களை அல்லவா காட்ட வேண்டும்? என் மகள் இரண்டு நாளாகப் பேச்சி மாதிரியே வெடுக் வெடுக்கென்று பேசுகிறாள். முத்துமாரிதான் பாவம். அவளை நீங்களும் மறந்துவிட்டீர்கள். கோபத்தில் எழுதவில்லை அம்மா, கவலையில் எழுதுகிறேன். என் பெயரைப் போட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முத்துமாரியைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அந்த இரண்டு வரி என்னைத் தூங்கவிடவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் பேச்சி.

2013-ல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே பெருமைப்பட்டது, நானும் பட்டேன். அந்த மொட்டைப் பறிக்கிற விரல் யாருடையது என்று எழுத வேண்டும் என்ற ஆசை அப்போது வந்ததுதான். உங்களுக்குத் தெரியாததில்லை, உங்கள் வகுப்பிலேயே அந்தப் பிள்ளைகள் இருப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் மொட்டு கூடைக்கு வந்தாக வேண்டும். விரிந்துவிட்டால் மாட்டுத்தாவணிச் சந்தையில் அதற்கு மதிப்பில்லை. இருட்டிலேயே டார்ச்சோடு போய், செடிக்குச் செடி குனிந்து, பனியில் பாவாடை நனைய நனையப் பறிக்க வேண்டும். கூலியோ எடைக் கணக்கு. மொட்டோ கையில் வைத்தால் கனமே தெரியாத பொருள், ஒரு கிலோ சேர ஆயிரக்கணக்கில் கிள்ள வேண்டும். முகூர்த்த நாளில் சந்தையில் ஏறுகிற விலை, பறித்தவளின் கூலியில் ஏறுவதில்லை. பள்ளிக்கூட மணி வேறு காத்திருக்கிறது. இப்படி நிற்கிற பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒருநாள் கூடைக்கு அடியில் ஈரச்சாக்கை வைத்துவிட்டாள். அது தப்பு என்று அவளுக்கும் தெரியும். கதையில் அவள் நெஞ்சு அடித்துக்கொள்வதை நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன்.

பிடிபட்டபோது அவள் முத்துமாரியின் பெயரைச் சொன்னது பயத்தில். அந்த வயதில் பயம் வந்தால் பக்கத்தில் நிற்பவள் பெயர்தான் வாயில் வரும். இதை நான் எங்கோ படித்து எழுதவில்லை டீச்சர். நானே நாலாம் வகுப்பில் அப்படி ஒருத்தியின் பெயரைச் சொல்லியிருக்கிறேன். அவள் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ஐம்பது வயது தாண்டியும் அந்தப் பார்வை என்னோடு இருக்கிறது.

மன்னிப்புக்கு வருகிறேன். காய் விட்ட பிள்ளைகள் பழம் விடுவதைப் பள்ளிக்கூடத்தில் தினமும் பார்ப்பீர்கள். 'என்னை மன்னித்துவிடு' என்று அவர்களில் யாராவது வாய்விட்டுச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. உப்பும் மிளகாய்த்தூளும் தொட்ட மாங்காய்க் கீற்றை ஒருத்தி நீட்டுவாள். மற்றவள் கொஞ்ச நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றுவிட்டு வாங்கிக்கொள்வாள். பேச்சியும் கடைசி அத்தியாயத்தில் தான் பறித்த பூவையெல்லாம் முத்துமாரியின் கூடையில் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு பள்ளிக்கூடத்துக்கு நடக்கிறாள். அந்த இடத்தில் நான் அவள் வாயில் மன்னிப்பு வசனத்தைத் திணித்திருந்தால் அது என் குரலாகத்தான் இருந்திருக்கும், அவளுடையதாக இருந்திருக்காது. பிள்ளைகள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். தோப்பில் மாங்காய் திருடுகிற பையன்கள், வாத்தியாரை ஏமாற்றுகிற பையன்கள் நம் சிறுவர் கதைகளில் எத்தனை பேர்! சேட்டைக்காரன் என்று சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புகிறோம். அதையே ஒரு பெண்பிள்ளை செய்தால் மட்டும் கடைசிப் பக்கத்தில் அவள் திருந்தியதற்குச் சான்று கேட்கிறோம். இதில் எனக்கு வருத்தம் உண்டு.

உங்கள் மகள் வெடுக்கென்று பேசுவதாக எழுதியிருக்கிறீர்கள். என் அப்பத்தா சொன்ன அல்லி கதை நினைவுக்கு வருகிறது. மதுரையை ஆண்டவள், ஆணுக்கு அடங்கமாட்டேன் என்று இருந்தவள், கோபக்காரி. கடைசியில் அர்ச்சுனன் பாம்பாக வடிவெடுத்து வந்து, அவள் தூங்கும்போது தாலி கட்டிவிடுகிறான். அப்பத்தா அங்கே நிறுத்திவிட்டு வெற்றிலை மடிப்பாள். "முழிச்சதும் அல்லி என்ன அப்பத்தா சொன்னா?" என்று நான் ஒவ்வொரு தடவையும் கேட்பேன். "என்னத்தச் சொல்லுவா, தூங்கு" என்பாள். ஆனால் நான் எதிர்த்துப் பேசினால் மட்டும் வீட்டில் எல்லோருக்கும் 'அல்லி ராஜ்ஜியம்' என்ற வார்த்தை தயாராக இருந்தது. தூக்கத்தில் ஏமாற்றியவனுக்கு ஒரு வசைச்சொல் இல்லை, ஏமாந்தவள் பெயர் வசையாக நிற்கிறது. உங்கள் மகள் இரண்டு நாள் வெடுக்கென்று பேசட்டும் டீச்சர். என்ன பேசினாள் என்பதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்.

வேலு நாச்சியாரைச் சொன்னீர்கள். எனக்கும் அவர்மேல் தீராத மரியாதை. 1772-ல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்படுகிறார், 1780-ல் நாச்சியார் சிவகங்கையை மீட்கிறார். பிள்ளைகளுக்கான புத்தகங்களில் இந்த இரண்டு ஆண்டுகளுக்கு நடுவே பெரும்பாலும் ஒரே ஒரு பத்திதான் இருக்கும். திண்டுக்கல் பக்கம் விருப்பாச்சியில் மகள் வெள்ளச்சியோடு அடைக்கலமாக இருந்த எட்டு ஆண்டுகள் அந்தப் பத்தியில் ஓடிப்போய்விடும். எட்டு ஆண்டு என்றால் உங்கள் மகளின் வயதில் முக்கால் பங்கு. அந்த நாட்களில் அவர் பயந்தாரா, யாரையாவது நம்பி ஏமாந்தாரா, ஆத்திரத்தில் மகளை அடித்துவிட்டு இரவில் அழுதாரா? நமக்குத் தெரியாது, கதை எழுதுகிறவர்கள் யோசிக்கலாம். குதிரை மேல் வாளோடு இருக்கிற நாச்சியாரை ஒரு பிள்ளை கும்பிடும். விருப்பாச்சியில் காத்திருந்த நாச்சியாரின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இப்போது முத்துமாரி.

புதுநத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பகுதியில் ஒருநாள் பிள்ளைகளோடு கண்ணகியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "தப்பு செஞ்சது ராஜா. ஊர எதுக்கு எரிக்கணும்?" என்று கேட்டாள். அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தைகள் என்று சிலரை விட்டுவிட்டுத் 'தீத்திறத்தார் பக்கமே சேர்க', அதாவது தீயவர்கள் பக்கம் மட்டும் போ என்றுதான் கண்ணகி தீக்கடவுளுக்குச் சொன்னாள் என்று பதில் சொன்னேன். அவளுக்கு அது போதவில்லை. "அப்ப யாருமே பாவம் இல்லையா?" என்றாள்.

வீட்டுக்கு வந்து சிலப்பதிகாரத்தை மறுபடி எடுத்தேன். கண்ணகிக்கு அடைக்கலம் கொடுத்தவள் மாதரி என்ற இடைச்சி. அடைக்கலமாக வந்தவர்களைக் காக்க முடியாமல் போனதே என்று அவள் நள்ளிரவில் தீயில் விழுந்து இறந்ததை நீர்ப்படைக் காதையில் மாடலன் என்ற மறையவன் சேர அரசன் செங்குட்டுவனிடம் சொல்கிறான். மாதரியின் மகள் ஐயை. கோவலனுக்குச் சமைக்கும்போது கண்ணகிக்குக் கூடமாட உதவிய சிறுமி. தாயை இழந்த அந்த ஐயை, கண்ணகிக்குக் கோயில் எடுத்த சேரர் தலைநகர் வஞ்சிக்கு வந்து நிற்பதையும் இளங்கோ எழுதுகிறார். மதுரையிடம் கண்ணகி ஓரிடத்திலும் மன்னிப்புக் கேட்பதில்லை. இளங்கோ அவளைக் கேட்க வைக்கவும் இல்லை. ஆனால் அந்தக் கோபமும் துயரமும் போய் எந்த வீட்டுக் கதவைத் தட்டின என்பதை மறைக்கவில்லை. கதை மதுரையை விட்டு நெடுந்தூரம் போன பிறகும் மாதரி வீட்டை நினைவில் வைத்துக்கொண்டு திரும்ப வருகிறார்.

நான் வரவில்லை. உங்கள் கடிதம் வந்த பிறகு என் புத்தகத்தை எடுத்து எண்ணிப் பார்த்தேன். பேச்சியின் பயத்துக்கு நான்கு பக்கம். முத்துமாரி வேலை இழந்து வீட்டில் அடிவாங்கியதற்கு ஒன்பது வரி. அதையும் பேச்சி கேள்விப்பட்டதாக எழுதியிருக்கிறேன். முத்துமாரியின் வீட்டுக்குள் நான் போகவே இல்லை. தப்புச் செய்கிற பெண்பிள்ளையை எழுத எனக்கு உரிமை உண்டு, அவளைக் கும்பிட்டு விழச் செய்யாமல் விடவும் உண்டு. ஆனால் அந்தத் தப்பு யார்மேல் விழுந்ததோ அவளுடைய முகத்தை முழுசாகக் காட்டும் கடன் எனக்கு இருந்தது. அதைத் தீர்க்காமல் புத்தகத்தை முடித்துவிட்டேன். மன்னிப்பைப் பற்றி நீங்கள் சொன்னதை நான் ஏற்கவில்லை. இதை முழுசாக ஏற்கிறேன். நாலாம் வகுப்பில் என்னைத் திரும்பிப் பார்த்தவளின் பக்கம் போக எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை போலிருக்கிறது.

இரண்டாம் பதிப்புக்குப் புதிதாக ஓர் அத்தியாயம் எழுதத் தொடங்கிவிட்டேன். விடிகாலை நான்கு மணி, எல்லோரும் பூக்காட்டுக்குப் போய்விட்டார்கள், போக இடமில்லாமல் முத்துமாரி திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குப் பேச்சியின் மேல் வருவது அழுகையா, கொலைவெறியா என்பது வரைக்கும் வந்து நிற்கிறேன். அவளும் பேச்சியைப் போல ஏதாவது தப்பாகச் செய்துவிடுவாளோ என்று தோன்றுகிறது, செய்தால் தடுக்கமாட்டேன்.

அச்சுக்குப் போகும் முன் அந்த அத்தியாயத்தை உங்கள் மகளுக்கு அனுப்புகிறேன். கூடை நிறையப் பூவைக் கொட்டிவிட்டுப் பேச்சி போகிறாளே, அப்போது முத்துமாரி ஏன் அவளைக் கூப்பிடவில்லை என்று அவளிடம் கேளுங்கள். அவள் சொல்வதை அவள் வார்த்தையிலேயே எனக்கு எழுதுங்கள் டீச்சர்.