‘அந்த வார்டு நர்ஸ்’ என்கிறார்களே!

கேள்வி: ஹெச்.ஐ.வி. நோயாளிகளுக்கு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் மூன்று வருடமாக ஒப்பந்த ஸ்டாஃப் நர்ஸ். தினமும் வேலூருக்கு பஸ்ஸில் போய் வருகிறேன். மற்ற நர்ஸுகள் ‘அந்த வார்டு நர்ஸ்’ என்கிறார்கள். என் டிபன் பாக்ஸில் யாரும் கை வைப்பதில்லை. மாமியார் என் யூனிஃபார்மைத் தனியாகத் துவைக்கச் சொல்கிறார். வேலையே வெறுத்துவிட்டது. மாற்றல் கேட்கட்டுமா?
- பெயர் வேண்டாம், குடியாத்தம்

பதில்: கேளுங்கள் சகோதரி, தப்பில்லை. ஆனால் பயத்தால் கேட்கிறீர்களா, அலுப்பால் கேட்கிறீர்களா?

பயம் என்றால், போகிற இடம் இதைவிடப் பத்திரமானது இல்லை. உங்களிடம் வருபவர் மாத்திரை சாப்பிடுகிறவர். ஒழுங்காகச் சாப்பிட்டால் பரிசோதனையில் தெரியாத அளவுக்கு வைரஸ் குறைந்துவிடும். ராத்திரி கேஷுவல்டிக்கு அடிபட்டு வருகிறவரின் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அதனால்தான் கையுறை எல்லா நோயாளிக்கும் ஒன்றுபோல. கேஸ் ஷீட்டில் சிவப்பு மையால் குறி போட்டு, அவருக்கு மட்டும் இரட்டைக் கையுறை மாட்டுகிற வழக்கம் குறி இல்லாதவரிடம் அசட்டையைத்தான் வளர்க்கும்.

ஹெச்.ஐ.வி. ரத்தம் பட்ட ஊசி குத்தினால், மருந்து எடுக்காவிட்டாலும் தொற்று வருவது ஆயிரத்தில் சுமார் 3 பேருக்கு. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி-யில், தடுப்பூசி போடாதவர்களுக்கு அது நூற்றில் 6 முதல் 30 வரை. அதற்கு யாரும் டிபன் பாக்ஸைத் தள்ளி வைப்பதில்லை! அந்தத் தடுப்பூசியை 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று முறையும் போட்டீர்களா? கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் ஆன்டிபாடி (நோய் எதிர்ப்புப் பொருள்) அளவு 10-க்குக் (mIU/mL) குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஊசி குத்துவது பெரும்பாலும் மூடியைத் திரும்ப மாட்டும்போதும், பயன்படுத்திய ஊசியை நிரம்பி வழிகிற கழிவு டப்பாவுக்குள் திணிக்கும்போதும்தான். முக்கால் பங்கு நிறைந்ததுமே டப்பாவை மாற்றுங்கள். குத்திவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீருமாகக் கழுவுங்கள். பிழியாதீர்கள், வாயில் வைக்காதீர்கள், ஸ்பிரிட் ஊற்றாதீர்கள். உடனே டியூட்டி டாக்டரிடம் சொல்லுங்கள். தடுப்பு மாத்திரையின் முதல் வேளை முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், தாமதமானாலும் 72 மணிக்குள். பிறகு விடாமல் 28 நாள். பாதியில் நிறுத்துகிறவர்கள்தான் அதிகம், குமட்டல் என்பார்கள். டாக்டரிடம் சொன்னால் அதற்கு மருந்து தருவார். இந்த மாத்திரையும் பயிற்சியும் தருவது நிர்வாகத்தின் கடமை என்று 2017 ஹெச்.ஐ.வி. சட்டமே சொல்கிறது.

மாமியாரிடம் சட்டம் பேசிப் பயனில்லை. 1986-ல் சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளில் நாட்டிலேயே முதன்முதலாக இந்தக் கிருமி கண்டுபிடிக்கப்பட்டது நம் வேலூர் ஆய்வகத்தில்தான். அன்று முதல் இந்த ஊர் நர்ஸுகள் வீட்டுக்குப் போய் எல்லோரோடும் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள் என்று சொல்லிப் பாருங்கள். ரத்தம் தெறித்த யூனிஃபார்மை மட்டும் மருத்துவமனையிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். அது எந்த வார்டுக்கும் பொருந்தும்.

அலுப்புதான் காரணம் என்றால் அது வேறு கதை. நோயாளியின் பெயரை வீட்டில் சொல்லிப் புலம்ப முடியாது, சட்டமும் விடாது. மனதிலேயே அடைத்து வைக்கிற இந்தப் பாரம் கூட இருப்பவர்களுக்குப் புரியாது. மையத்தின் கவுன்சலரும் அதே பாரத்தைச் சுமப்பவர்தான். வாரம் அரை மணி நேரம் அவரோடு உட்காருங்கள். ரெஜிஸ்டர் எழுதுவதையும் மாத்திரை எண்ணுவதையும் ஆள் மாற்றி ஆள் செய்ய மெடிக்கல் ஆபீசரிடம் எழுத்தில் கேளுங்கள்.

இதன் பிறகும் போகத்தான் வேண்டுமென்றால், முதலில் ஒப்பந்த உத்தரவை எடுத்துப் படியுங்கள். எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் வரும் பணியிடம் என்றால் மருத்துவமனையால் வேறு வார்டுக்கு மாற்ற முடியாமல் போகலாம். அப்போது கேட்க வேண்டியது மாற்றல் இல்லை. வேறு வேலைக்கு விண்ணப்பம். அது கிடைக்கும்வரை இதை விடாதீர்கள்.