நம்பை அரேயின் ஒவ்வொரு உறுப்புக்கும் நம்முடைய சொந்த ஃபங்ஷனை ஓட்டுவது எப்படி?

நீங்கள் கேட்டது இது: நம்பையில் (NumPy, எண் கணக்குக்கான பைத்தான் லைப்ரரி) 3 பரிமாண அரே (எண்களின் அடுக்கு), உள்ளே இஃப் வைத்த ஒரு ஃபங்ஷன், அரேயை நேராகக் கொடுத்தால் வேல்யூ எர்ரர், மூன்று ஃபார் லூப் எழுதாமல் வழி உண்டா?

உண்டு. முதலில் எர்ரரின் காரணம்: இஃப்-க்கு ஒரே ஒரு ட்ரூ அல்லது ஃபால்ஸ் வேண்டும், ஆனால் உதாரணமாக அரேயைப் பூஜ்ஜியத்தோடு ஒப்பிட்டால் அதே வடிவத்தில் முழு பூலியன் அரேயே (ட்ரூ, ஃபால்ஸ் நிறைந்த அரே) வந்து நிற்கிறது, அதில் எதை எடுப்பது என்று பைத்தான் முடிவு செய்யாது. இஃப் இல்லாமல் வெறும் கூட்டல், பெருக்கல், லாக் என்றால் எத்தனை பரிமாணம் இருந்தாலும் அரேயை அப்படியே கொடுக்கலாம் (மேத் மாட்யூலின் லாக்கை மட்டும் நம்பையின் லாக்காக மாற்றுங்கள்).

இஃப் இருக்கும் இடத்தில் நம்பை.வேர் (numpy.where) போடுங்கள். நிபந்தனை, உண்மையானால் என்ன, இல்லையென்றால் என்ன, அவ்வளவுதான். ஒன்று கவனம், இரண்டு பக்கமும் எல்லா உறுப்புக்கும் கணக்கிடப்படும், அதனால் நெகட்டிவ் எண்களை நிபந்தனையில் ஒதுக்கியிருந்தாலும் லாக் வார்னிங் தரத்தான் செய்யும்.

நம்பை.வெக்டரைஸ் (numpy.vectorize, உங்கள் ஃபங்ஷனை ஒவ்வொரு உறுப்புக்கும் தானே கூப்பிடுவது) போடு என்று பலர் சொல்வார்கள். தயவுசெய்து அதை வேகத்துக்காகப் போடாதீர்கள். அது வசதிக்காகத்தான் என்று நம்பை ஆவணமே சொல்கிறது, உள்ளே ஓடுவது சாதாரண லூப். 200×200×200 அரே என்றால் உங்கள் ஃபங்ஷன் 80 லட்சம் தடவை கூப்பிடப்படும்! இதைவிட மோசமான சிக்கல் இன்னொன்று: விடையின் டைப்பை அது முதல் உறுப்பை வைத்தே தீர்மானிக்கிறது. நெகட்டிவ் என்றால் 0, இல்லையென்றால் பாதி என்று ஃபங்ஷன் எழுதி, முதல் உறுப்பு நெகட்டிவாக அமைந்துவிட்டால், மொத்த விடையும் இன்டிஜர் ஆகிவிடும், 5-க்கு 2.5 வர வேண்டிய இடத்தில் 2 வரும், எர்ரர் எதுவும் வராது. வெக்டரைஸ் போட்டால், அதன் ஓடைப்ஸில் (otypes, விடையின் டைப்பைச் சொல்லும் இடம்) ஃப்ளோட் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

நம்பையிலேயே உள்ள அப்ளை_அலாங்_ஆக்சிஸ் (apply_along_axis) இதற்கானது இல்லை, அது உங்கள் ஃபங்ஷனுக்குத் தனித்தனி உறுப்பைத் தராது, ஒரு வரிசையை மொத்தமாகத் தரும்.

சரி, உள்ளே வைல் லூப் மாதிரி ஏதாவது இருந்து வேர் போட்டு மாற்றவே முடியாது என்றால்? அப்போது நம்பாவின் (Numba, நம்பை அல்ல, வேறொரு பைத்தான் லைப்ரரி) வெக்டரைஸ். பெயர் ஒன்றுதான், வேலை வேறு: ஃபங்ஷனை மெஷின் கோடாக கம்பைல் செய்துவிடும், உங்கள் இஃப், வைல் எல்லாம் அப்படியே இருக்கலாம். கம்பைல் ஆகக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அதனால் வேகத்தை அளக்கும்போது முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.