நிலவில் காற்று உண்டா, இல்லையா? வகுப்பில் என்ன சொல்லலாம்

கேள்வி: ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ‘நிலவில் வளிமண்டலம் இல்லை’ என்று நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, “அப்படின்னா சந்திரயான்-2ல நிலவோட வளிமண்டலத்தை ஆராயற கருவி எதுக்கு மிஸ்?” என்று கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு என்ன பதில் சொல்வது? தேர்வில் எப்படி எழுதச் சொல்வது?

பதில்: முதலில் அந்த மாணவியை வகுப்பு முன்னால் பாராட்டிவிடுங்கள். அவள் பிடித்த இடம் மிகச் சரியான இடம். சந்திரயான்-2 ஆர்பிட்டரில், அதாவது நிலவைச் சுற்றிவரும் கலத்தில், சேஸ்-2 என்று ஒரு கருவி இருக்கிறது. திருவனந்தபுரத்தில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் விண்வெளி இயற்பியல் ஆய்வகம் உருவாக்கியது. அதன் வேலையே நிலவைச் சுற்றியுள்ள வாயுக்களை எடைவாரியாகப் பிரித்து அளப்பதுதான். இல்லாத ஒன்றை அளக்க யாரும் கருவி அனுப்ப மாட்டார்கள்.

அப்படியானால் பாடநூல் தவறா? அதுவும் இல்லை. ‘எவ்வளவு காற்று’ என்று கேட்பதை விட, ‘அங்கே இருக்கும் அணுக்கள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா’ என்று கேட்டால் விஷயம் தெளிவாகிவிடும். உங்கள் வகுப்பறைக் காற்றில் ஒரு கன சென்டிமீட்டரில் ஏறக்குறைய 25-க்குப் பின்னால் 18 சைபர் போட்ட அளவுக்கு மூலக்கூறுகள் இருக்கின்றன. ஒரு மூலக்கூறு தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு தூரம் போவதற்குள் இன்னொன்றில் இடித்துவிடும். ஒலி பரவுவதும் காற்று வீசுவதும் இந்த இடிபாட்டால்தான். நிலவின் தரையருகே, இரவில், அதே ஒரு கன சென்டிமீட்டரில் இருப்பவை சுமார் 2 லட்சம் அணுக்கள். கேட்க நிறைய போலத் தோன்றும். ஆனால் ஒன்றை ஒன்று சந்திக்க வாய்ப்பே இல்லாத அளவுக்கு அது குறைவு.

மோதல் இல்லை என்றால் அணு என்ன செய்யும்? பகலில் நிலவின் தரை 120 டிகிரி செல்சியஸ் வரை சுடும். சூடான வாணலியில் கடுகு துள்ளுவதுபோல, தரையைத் தொட்ட அணு துள்ளி எழுந்து, வழியில் எதிலும் படாமல் வளைந்து போய் வேறோர் இடத்தில் விழும். மறுபடி எழும். ஓர் ஆர்கான் அணு ஒரு துள்ளலில் பல பத்துக் கிலோமீட்டர் உயரம் போய் வரும். ஒவ்வொன்றும் தனித்தனி எறிபொருள். இப்படி மோதலே இல்லாமல் அணுக்கள் தனித்தனியாகத் திரியும் பகுதியைத்தான் எக்ஸோஸ்பியர், அதாவது வெளியடுக்கு என்கிறோம்.

பூமிக்கும் இது உண்டு. நமக்கு 500 முதல் 1,000 கிலோமீட்டர் உயரத்தில்தான் அது தொடங்குகிறது. சூரியனின் ஆட்டத்தைப் பொறுத்து ஏறி இறங்கும். அதற்குக் கீழே நான்கு அடுக்குகள் இருக்கின்றன. நிலவுக்கு அந்த நான்கும் இல்லை, வெளியடுக்கு நேராகத் தரையிலேயே உட்கார்ந்திருக்கிறது. புதன் கோளும் இதே கதைதான். பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள்: பூமியின் வெளியடுக்கில் உள்ள ஹைட்ரஜன் சுமார் 6,30,000 கிலோமீட்டர் வரை மெலிந்து நீள்கிறது என்று சூரியனை ஆராயும் சோஹோ விண்கலத்தின் பழைய பதிவுகளிலிருந்து 2019-இல் கண்டறிந்தார்கள். நிலவோ சராசரியாக 3,84,400 கிலோமீட்டரில் இருக்கிறது. ஆக, நிலவே நம் வெளியடுக்குக்குள்தான் சுற்றுகிறது.

அங்கே என்னென்ன வாயுக்கள்? முக்கியமாக ஹீலியம், நியான், ஆர்கான். கொஞ்சம் சோடியமும் பொட்டாசியமும் உண்டு. இந்தக் கடைசி இரண்டையும் 1988-இல் பூமியிலிருந்தே நிறமாலை மூலம் கண்டுபிடித்தார்கள். எனக்கு இந்த வாயுக்களில் மிகப் பிடித்தது ஆர்கான்-40. நிலவின் பாறைக்குள் இருக்கும் கதிரியக்கப் பொட்டாசியம் சிதைந்து உண்டாவது அது. விரிசல்கள் வழியாகக் கசிந்து வெளியே வருகிறது. இரவின் கடுங்குளிரில் மண்ணில் ஒட்டிக்கொள்ளும், விடியும் வேளையில் வெயில் பட்டதும் கிளம்பும். 1972 டிசம்பரில் அப்பல்லோ 17 வைத்துவிட்டு வந்த கருவி இதைப் பதிவு செய்தது. பகலில் அந்தக் கருவியால் உருப்படியாக அளக்க முடியவில்லை. ஏன் தெரியுமா? மனிதர்கள் விட்டுவந்த சாமான்கள் வெயிலில் சூடாகி வாயுவைக் கக்கின. நிலவின் மொத்த வளியும் சில பத்து டன்தான் என்பதால், ஒரு அப்பல்லோ கலம் இறங்கும்போது விட்ட புகையே அதற்கு ஈடாக இருந்தது. சுற்றுப்பாதையிலிருந்து அளக்கும் சேஸ்-2 போன்ற கருவிகளின் அருமை இங்கேதான் புரியும். ஆர்கான்-40 நிலவின் நடு அட்சரேகைப் பகுதிகளிலும் எப்படிப் பரவியிருக்கிறது என்று அது காட்டியது. 2024 மே மாதம் சூரியனிலிருந்து வெடித்துக் கிளம்பிய பிழம்பு நிலவைத் தாக்கியபோது, பகல் பக்கத்து வெளியடுக்கின் அழுத்தம் 10 மடங்குக்கு மேல் கூடியதையும் பதிவு செய்தது.

‘ஏன் தங்குவதில்லை?’ என்று அடுத்த கேள்வி கட்டாயம் வரும். நிலவின் விடுபடு வேகம், அதாவது ஈர்ப்பை மீறித் தப்பத் தேவையான வேகம், நொடிக்கு 2.4 கிலோமீட்டர், பூமியில் 11.2. பகல் சூட்டில் ஹீலியம் அணுவின் சராசரி வேகம் நொடிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் அளவில் இருக்கும். சராசரியை வெகுவாகத் தாண்டி, 2.4-ஐயும் மிஞ்சி ஓடுபவை தப்பிவிடும். சூரியக் காற்று, அதாவது சூரியனிலிருந்து ஓயாமல் கிளம்பும் துகள் ஓட்டம், புது ஹீலியத்தைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருப்பதால்தான் அங்கே அது கொஞ்சமாவது இருக்கிறது.

சரி, தேர்வுக்கு வருவோம். ஒரு மதிப்பெண் கேள்வியில் ‘நிலவில் வளிமண்டலம் இல்லை’ என்றே எழுதட்டும், அதில் பாதகமில்லை. விரிவாக எழுதும் இடத்தில் ‘சுவாசிக்கவோ ஒலி பரவவோ உதவும் வளிமண்டலம் இல்லை, மிக மெல்லிய வெளியடுக்கு மட்டும் உண்டு’ என்று எழுதச் சொல்லுங்கள். ‘வெற்றிடம்’ என்று மட்டும் எழுதவிட வேண்டாம் என்பது என் கருத்து. ‘உதவும் வளிமண்டலம் இல்லை’ என்பதற்குச் சான்று கேட்டால் சந்திரயான்-3-இன் விக்ரம் லேண்டரை உதாரணமாகக் காட்டலாம்: 2023 ஆகஸ்ட் 23 அன்று அது முழுக்க எஞ்சின் பலத்தால் இறங்கியது. பாராசூட் விரிந்து நிற்கக் காற்று எதிர்த்துத் தள்ள வேண்டும், அங்கே அது நடக்காது.

முடிந்தால் இதைப் பிள்ளைகள் கண்ணாலேயே பார்க்கட்டும். ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை ஆகிய பிரகாசமான நட்சத்திரங்களை நிலவு சில ஆண்டுகளில் மறைத்துக் கடக்கும். வளர்பிறை மாலையில் நடந்தால் நல்லது. நட்சத்திரம் நிலவின் இருண்ட விளிம்பில் போய் மறையும். தொலைநோக்கியிலோ பைனாகுலரிலோ பார்த்தால், மங்காமல், நிறம் மாறாமல், சட்டென்று அணைந்துவிடும். நிலவுக்கு அடர்ந்த காற்று இருந்தால் ஒளி படிப்படியாகத்தான் மங்கும். 1988-இல் புளூட்டோ ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது அப்படி மங்கியதை வைத்துத்தான் புளூட்டோவுக்கு வளிமண்டலம் இருப்பதை உறுதி செய்தார்கள். அடுத்த மறைப்பு எப்போது என்பதை ஸ்டெல்லேரியம் மென்பொருளில் தேடிக்கொள்ளலாம், இலவசம்தான். ஊர்ப் பெயரை மட்டும் சரியாகக் கொடுங்கள். ஊருக்கு ஊர் நேரம் மாறும், சில ஊர்களில் மறைப்பே நடக்காமல் நட்சத்திரம் விளிம்பை ஒட்டி நழுவிவிடும்.