கடிதத்தில் இருக்கும் தொகை வேறு, கையை விட்டுப் போகும் தொகை வேறு: கல்லூரி நிதி உதவி கேள்வி பதில்

அமெரிக்காவில் பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் மார்ச் கடைசியிலிருந்து, எந்தக் கல்லூரி என்று முடிவு சொல்ல வேண்டிய கெடுவான மே 1 வரை இதே பேச்சுதான். ஒரு கல்லூரியில் இந்த நிதி உதவிக் கடிதங்களைத் தயார் செய்யும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, மகளுக்கு ஒரு தனியார் கல்லூரியும் எங்கள் மாநிலப் பல்கலைக்கழகமும் கிடைத்திருக்கின்றன. தனியாரில் "மீதி 11,500 டாலர்" என்று போட்டிருக்கிறார்கள், மாநிலப் பல்கலையில் 26,500. தனியார்தானே மலிவு?

அந்த "மீதி" வரியைக் கையால் மூடிவிட்டு மேலே இருந்து படியுங்கள். நீங்கள் அனுப்பிய தனியார் கடிதத்தில் ஒரு வருட மொத்தச் செலவு 68,000. அதிலிருந்து கழித்திருப்பவை: மெரிட் ஸ்காலர்ஷிப் (மதிப்பெண், திறமைக்காகத் தருவது) 28,000, மாணவர் பெயரில் ஃபெடரல் கடன் 5,500, ஒர்க் ஸ்டடி (படித்துக்கொண்டே வேலை பார்த்துச் சம்பாதிப்பது) 3,000, பேரன்ட் ப்ளஸ் கடன் (பெற்றோர் பெயரில் வாங்கும் ஃபெடரல் கடன்) 20,000. இதில் திருப்பித் தரவும் வேண்டாம், வேலை பார்த்துச் சம்பாதிக்கவும் வேண்டாம் என்கிற பணம் எது? அந்த 28,000 மட்டும். கடன் உங்கள் பணம்தான், பிறகு கொடுக்கப் போகிறீர்கள், அதுவும் வட்டியோடு. ஆக உண்மைச் செலவு 40,000. மாநிலப் பல்கலையில் மொத்தம் 36,000, கிராண்ட் (திருப்பித் தர வேண்டாத உதவித்தொகை) 4,000, மாணவர் கடன் 5,500. உண்மைச் செலவு 32,000. 15,000 மலிவு என்று நீங்கள் நினைத்த கல்லூரி வருடத்துக்கு 8,000 அதிகம்.

அந்த பேரன்ட் ப்ளஸ் வரியைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். 2025-26இல் அதன் வட்டி 8.94 சதவீதம், அது போக ஆரம்பத்திலேயே 4.228 சதவீதம் கட்டணமாகப் பிடித்துக்கொள்வார்கள். 20,000 கடன் வாங்கினால் கல்லூரிக்குப் போய்ச் சேருவது 19,154 டாலர்தான், வட்டி மட்டும் முழு 20,000க்கு. இதை "உதவி" என்ற தலைப்பின் கீழ் போடுவதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். 2026 ஜூலை 1க்குப் பிறகு புதிதாக வாங்குபவர்களுக்கு ஒரு பிள்ளைக்கு வருடம் 20,000, மொத்தம் 65,000 என்று உச்சவரம்பும் வந்துவிட்டது, எனவே நாலு வருடமும் இதே 20,000 கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள்.

இவ்வளவு குழப்பமாகக் கடிதம் அனுப்ப அனுமதி உண்டா?

எல்லாரும் ஒரே படிவத்தில்தான் அனுப்ப வேண்டும் என்று பொதுவான சட்டம் இல்லை. கல்வித் துறை ஒரு மாதிரிப் படிவம் வைத்திருக்கிறது, அதைப் பயன்படுத்துவது பெரும்பாலும் கல்லூரியின் விருப்பம். அரசுத் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2022இல் வெளியிட்ட அறிக்கைப்படி சுமார் 91 சதவீதக் கல்லூரிகள் நிகரச் செலவைச் சொல்லவே இல்லை, அல்லது குறைத்துக் காட்டின. குழம்புவது உங்கள் தப்பில்லை.

எங்களுக்கு வந்த ஒரு கடிதத்தில் மொத்தச் செலவே இல்லை, டியூஷனும் ஃபீஸும் மட்டும். இன்னொன்றில் விமான டிக்கெட் வரை இருக்கிறது. எப்படி ஒப்பிடுவது மேடம்?

நீங்களே ஒரு எக்ஸெல் போடுங்கள். டியூஷன், ஃபீஸ், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம், போக்குவரத்து, கைச்செலவு என்று எல்லாக் கல்லூரிக்கும் ஒரே வரிசை. கடிதத்தில் இல்லாதது கல்லூரியின் இணையதளத்தில் இருக்கும். முதல் நாலும் கல்லூரிக்குக் கட்டும் பில், விடுதியில் தங்கினால் பேரம் கிடையாது. கடைசி மூன்றும் கல்லூரி போடும் உத்தேசம். போக்குவரத்துக்கு அவர்கள் என்ன போட்டிருந்தாலும் தூக்கிவிட்டு, உங்கள் ஊரிலிருந்து நன்றி தெரிவித்தல் விடுமுறைக்கும் டிசம்பருக்கும் வந்துபோக ஆகும் டிக்கெட் செலவைப் போடுங்கள். அப்புறம் ஹெல்த் இன்ஷூரன்ஸ். பல கல்லூரிகள் தங்கள் திட்டத்தைத் தானாகவே பில்லில் சேர்த்துவிடும், உங்கள் குடும்ப இன்ஷூரன்ஸ் இருந்தால் கெடுவுக்குள் வேண்டாம் என்று படிவம் கொடுத்து எடுத்துவிடலாம். விட்டால் ஆயிரக்கணக்கில் போகும்.

ஒர்க் ஸ்டடி 3,000 முதல் செமஸ்டர் பில்லில் கழியுமா?

கழியாது. பிள்ளை வேலை தேடிச் சேர்ந்து, உழைத்த மணிக்குச் சம்பளமாக வாங்குவது. வேலை கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. கைச்செலவுக்கு ஆகும் என்று மட்டும் வையுங்கள்.

அக்கா, நானே ஸ்டூடன்ட். 28,000 மெரிட் நாலு வருஷமும் வரும்தானே? அப்போ 40,000 பெருக்கல் 4 போட்டால் போதுமா?

தம்பி, இரண்டு விஷயம் பார். ஒன்று, நிபந்தனை. ஜிபிஏ (4க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) 3.5க்குக் குறைந்தால் நின்றுவிடுமா, ஒரு செமஸ்டர் சறுக்கினால் திரும்ப வாய்ப்பு உண்டா, மேஜர் மாற்றினால் என்ன, ஐந்தாவது வருடம் இழுத்தால் என்ன, எல்லாவற்றையும் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள். இன்ஜினியரிங்கில் முதல் வருடம் 3.5 எடுப்பது நீ பள்ளியில் எடுத்த மாதிரி இருக்காது.

இரண்டாவது, ஸ்காலர்ஷிப் பெரும்பாலும் அப்படியே நிற்கும், கட்டணம் நிற்காது. வருடம் 4 சதவீதம் ஏறுவதாக வைத்தால் 68,000 என்பது நாலாம் வருடத்தில் 76,500 பக்கம் வந்துவிடும். உதவி அதே 28,000. ஆக கடைசி வருடம் 40,000 இல்லை, 48,500. நாலு வருடமும் கூட்டினால் 1,60,000க்குப் பதில் ஏறக்குறைய 1,77,000. சில கல்லூரிகள் முதல் வருடம் மட்டும் கிராண்ட்டை அள்ளிக் கொடுத்துவிட்டு அப்புறம் குறைப்பதும் உண்டு, அதையும் நேராகக் கேள்.

நாங்கள் ஹெச்1பி வேலை விசா, பையன் எங்களைச் சார்ந்த ஹெச்4 விசா. எங்களுக்கு என்ன வழி?

ஹெச்4 பிள்ளைக்கு ஃபெடரல் கிராண்ட்டும் இல்லை, ஃபெடரல் கடனும் இல்லை. கல்லூரி தன் சொந்தப் பணத்தில் தரும் ஸ்காலர்ஷிப் கிடைக்கலாம். மாநிலவாசிக் கட்டணம் (அந்த மாநிலத்தில் வசிப்பவர்களுக்கான குறைந்த கட்டணம்) உங்களுக்குக் கிடைக்குமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அட்மிஷன் அலுவலகத்தைவிட ரெசிடென்ஸி அலுவலகத்தைக் கேளுங்கள். எல்லாரும் மறக்கும் ஒன்று: 21 வயதில் ஹெச்4 முடிந்துவிடும், படிப்பின் நடுவில் எஃப்1 என்ற மாணவர் விசாவுக்கு மாற வேண்டிவரும். அப்போதும் அதே கட்டணம் தொடருமா என்று இப்போதே கேட்டு வையுங்கள், இல்லை என்றால் கடைசி ஒன்று இரண்டு வருடக் கணக்கு தலைகீழாகிவிடும். பிள்ளை அமெரிக்கக் குடிமகன், பெற்றோர் மட்டும் ஹெச்1பி என்றால் பிள்ளைக்கு ஃபாஃப்ஸா (ஃபெடரல் உதவிக்கான விண்ணப்பம்) வழி திறந்திருக்கிறது, ஆனால் பேரன்ட் ப்ளஸ் உங்களுக்குத் தர மாட்டார்கள்.

மூத்தவள் ஏற்கெனவே காலேஜில் இருக்கிறாள். இரண்டு பேர் என்றால் உதவி கூடும் என்றார்களே?

அது பழைய கணக்கு. 2024-25 முதல் ஃபெடரல் சூத்திரத்தில் அந்தச் சலுகை போய்விட்டது. சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் என்ற தனி நிதி விண்ணப்பத்தைக் கேட்கும் தனியார் கல்லூரிகளில் சில இன்னும் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன.

பிப்ரவரியில் என் வேலை போய்விட்டது. கடிதம் பழைய வருமானத்தை வைத்து வந்திருக்கிறது. திரும்பக் கேட்டால் அட்மிஷனுக்கு ஆபத்தா?

ஒரு ஆபத்தும் இல்லை, கேளுங்கள். ஃபாஃப்ஸா பார்ப்பது இரண்டு வருடம் முந்தைய வரிக் கணக்கை. நடுவில் நிலைமை மாறினால் நிதி உதவி அதிகாரி தன் பொறுப்பில் திருத்தலாம் என்று சட்டத்திலேயே இடம் இருக்கிறது. வேலை போன கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, இந்த வருடம் எதிர்பார்க்கும் வருமானம், மூன்றையும் இணைத்து ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். மூன்று பக்கக் கண்ணீர்க் கதை வேண்டாம், அலுவலகத்தில் அன்று அப்படி நூறு கிடக்கும். இன்னொரு கல்லூரி அதிகம் தந்திருந்தால் அந்தக் கடிதத்தையும் வைக்கலாம், "பொருத்தித் தருகிறீர்களா" என்று மரியாதையாக. மெரிட் கொடுக்கும் தனியாரில் சில சமயம் பலிக்கும், மாநிலப் பல்கலையில் எதிர்பார்க்காதீர்கள்.

வெளியே 5,000 டாலர் ஸ்காலர்ஷிப் ஜெயித்திருக்கிறாள். எங்கள் செலவில் 5,000 குறையும் அல்லவா?

கல்லூரியைப் பொறுத்தது. சில இடங்களில் முதலில் கடனையும் ஒர்க் ஸ்டடியையும் குறைப்பார்கள், அது உங்களுக்கு லாபம். சில இடங்களில் அவர்கள் கொடுத்த கிராண்ட்டிலேயே 5,000 குறைத்துவிடுவார்கள், உங்களுக்கு ஒரு பைசா மிச்சமில்லை. மேரிலாந்து 2017இல் அரசுக் கல்லூரிகளில் இதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது, பிறகு வேறு சில மாநிலங்களும். உங்கள் கல்லூரியின் விதியைக் கேட்டுக்கொண்டு எக்ஸெலில் ஏற்றுங்கள்.

உதவியைக் கூட்டச் சொல்லிக் கேட்ட மேல்முறையீட்டுக்குப் பதில் மே 1க்குள் வரவில்லை என்றால்?

ஏப்ரல் மூன்றாவது வாரத்திலேயே போன் போட்டுக் கெடு நீட்டித் தரக் கேளுங்கள், பல கல்லூரிகள் தரும். தந்தால் அந்தத் தேதியை மின்னஞ்சலில் போடச் சொல்லுங்கள். மறுத்தால், இன்று கையில் இருக்கும் தொகையை வைத்து உங்களால் கட்ட முடிகிற கல்லூரிக்கு டெபாசிட் கட்டுங்கள். பெரும்பாலும் அது திரும்ப வராது, இருந்தாலும் சில நூறு டாலரோடு போகும்.