மண் வேலை: யூனிட் கணக்கும் கூட்டாண்மைப் பத்திரமும்

கேள்வி: 60க்கு 40 அடி மனையை மூன்று அடி உயர்த்த வேண்டும். என் கணக்கில் 72 யூனிட் வருகிறது. தலைமுறையாக மண் வேலை செய்யும் குடும்பத்தினர் 90 யூனிட் கேட்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

பதில்: இல்லை. ஒரு யூனிட் என்பது 100 கன அடி; நீங்கள் போட்டது இறுகிய மண்ணின் கணக்கு, டிப்பரில் வருவதோ வெட்டித் தளர்ந்த மண். ரோலர் ஓடி அது ஐந்தில் ஒரு பங்கு அமுங்கினால் 90 யூனிட் 72 ஆகிவிடும். மண்ணின் வகைக்கேற்ப இது சற்றுக் கூடும், குறையும். யூனிட்டை டிப்பரில் அளப்பதா, தரையில் அளப்பதா என்பதை மட்டும் முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். டிப்பரில் என்றால் தொட்டியின் உள் நீள, அகல, உயரத்தை நீங்களே டேப் பிடித்து அளந்துவிடுங்கள். தரையில் என்றால், மண் கொட்டும் முன்பும் இறுக்கிய பின்பும் ஆட்டோ லெவலில் (தரையின் உயரத்தை அளக்கும் கருவி) மட்டம் எடுத்து இருதரப்பும் கையெழுத்திட வேண்டும். அப்போது யூனிட்டுக்கு விலை கூடுதலாகச் சொல்வார்கள், அது நியாயமே.

யூனிட் கணக்கைவிட எனக்குக் கவலை தருவது, மூன்று அடியையும் ஒரேயடியாகக் கொட்டி, மேலே ஜேசிபியை நாலு முறை ஓட்டிவிட்டு வேலை முடிந்தது என்பவர்கள்தான். நெடுஞ்சாலைக்காக உயர்த்தும் மண் கரைகளில் இறுகிய அடுக்கு ஒவ்வொன்றும் 20 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. வீட்டு மனைக்கும் அதையே கேளுங்கள். ஈரத்தையும் பாருங்கள்: களி கலந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உருண்டையாக நின்று, விரலால் அழுத்தும்போது இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். பொடியாக உதிர்ந்தால் தண்ணீர் லாரி வரும்வரை ரோலர் நிற்கட்டும்.

கேள்வி: அப்பா, சித்தப்பா, நான் மூவரும் கூட்டாண்மையாக மண் வேலைத் தொழில் நடத்துகிறோம். பத்திரம் உண்டு, நிறுவனத்தைப் பதிவு செய்யவில்லை. அவசியமா?

பதில்: சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் 69ஆம் பிரிவின்படி, பதிவு பெறாத நிறுவனம் ஒப்பந்தப் பணத்தை வசூலிக்க வாடிக்கையாளர் மீது வழக்குத் தொடர முடியாது. பில் தொகை மாதக்கணக்கில் நிலுவையில் நிற்கும் நம் தொழிலில் இது சிறிய விஷயமல்ல. கூட்டாளி ஒருவர் காலமானால் நிறுவனம் கலையாமல் தொடரும் என்ற ஷரத்தையும் பத்திரத்தில் சேருங்கள். அது இல்லையேல் 42ஆம் பிரிவின்படி நிறுவனம் கலைந்துவிடும். பெரியவர்களிடம் இதைப் பேசச் சங்கடமாக இருந்தால், ஆடிட்டரைச் சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: சொந்தப் பட்டா நிலத்துக் கிராவலை வெட்டி விற்க அனுமதி வேண்டுமா?

பதில்: வேண்டும். பட்டா உங்களுடையதாக இருந்தாலும் 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் பொருந்தும். நடைச்சீட்டு (கனிமத்தை வண்டியில் கொண்டுசெல்லும் அனுமதிச் சீட்டு) இல்லாமல் வண்டி கிளம்பக் கூடாது.

கேள்வி: ஏழடி ஆழத்தில் குழாய்ப் பள்ளம். மண் கெட்டியாகத்தான் இருக்கிறது, சுவர் சரியாமல் தாங்கும் முட்டு அவசியமா?

பதில்: அவசியம். மண்ணில் வெட்டும் 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். உங்களுடையது 2 மீட்டரைத் தாண்டுகிறது. கோடையில் பாறைபோல் நிற்கும் கரிசல் சுவர், ஓர் இரவு மழையில் சரிந்துவிடும். வெட்டிய மண்ணை விளிம்பில் குவிக்காமல் தள்ளிக் கொட்டச் சொல்லுங்கள். ஆள் உள்ளே இருக்கும்போது ஓரத்தில் டிப்பரை நிறுத்தாதீர்கள்.