கிரீமை நிறுத்தினால் திரும்ப வருகிறதே?

கேள்வி: குலசேகரம் பக்கம் இருக்கிறோம். கணவருக்கு ரப்பர் பால்வெட்டு வேலை. எட்டு மாதமாகத் தொடை இடுக்கில் படர்தாமரை. மெடிக்கல் ஷாப் கிரீமைப் போட்டால் இரண்டு நாளில் அடங்குகிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது. இப்போது எனக்கும் இடுப்பில் வந்துவிட்டது. டாக்டரிடம் காட்ட அவர் கூச்சப்படுகிறார். வண்டுகொல்லி இலையை அரைத்துப் போடச் சொல்கிறார் மாமியார். என்ன செய்வது?

பதில்: சகோதரி, அந்த டியூபில் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துப் பாருங்கள். குளோபெட்டசோல், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. படர்தாமரை பூஞ்சையால் வருவது. அரிப்பும் சிவப்பும் அந்தப் பூஞ்சையோடு நம் உடம்பு போடுகிற சண்டை. ஸ்டீராய்டு அடக்குவது அந்தச் சண்டையைத்தான், பூஞ்சையை அல்ல. தடுக்க ஆளில்லாமல் பூஞ்சை பரவிக்கொண்டே போகும். மாதக்கணக்கில் பூசினால் தொடை இடுக்கில் தோல் மெலிந்து வரிவரியாகக் கோடு விழும். பிறகு அது மறையாது. இத்தகைய கிரீம்களை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதென்று 2018-லேயே மத்திய அரசு ஆணை போட்டது. இன்னமும் கேட்டவுடன் கிடைப்பதுதான் வேதனை.

கிரீமை நிறுத்தியதும் சில நாள் சிவப்பும் அரிப்பும் கூடும். பயந்து மறுபடி டியூபைத் தேடாதீர்கள். அந்த வாரமே தோல் டாக்டரைப் பாருங்கள். மெலிந்த தோலில் இலைச்சாறு பட்டால் புண்ணாகும், அதனால் மாமியாரின் வைத்தியமும் இப்போது வேண்டாம்.

இருவரும் சேர்ந்தே மருந்து எடுக்க வேண்டும். ஒருவர் மட்டும் எடுத்தால் மற்றவரிடமிருந்து திரும்ப ஒட்டும். தடிப்பு மறைந்த பிறகும் டாக்டர் சொன்ன நாள்வரை நிறுத்தக் கூடாது. துவர்த்து (துண்டு) ஆளுக்கொன்று. நம் குமரி மாவட்டத்தில் இரண்டு மழைக்காலம், உள்ளாடை முழுசாகக் காய்வதே கஷ்டம். தையல் ஓரங்களில் இஸ்திரிப்பெட்டியை ஒருமுறை அழுத்தித் தேய்த்துவிட்டு உடுத்துங்கள். தோட்டத்திலிருந்து வந்ததும் அவர் ஈரத்துணியை மாற்றிவிட வேண்டும்.

காய்ச்சல், சீழ், வீக்கம் இருந்தால் அன்றே போக வேண்டும். சர்க்கரை நோய் இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. இன்னொன்று: அரிப்பே இல்லாமல், தொட்டால் உணர்ச்சியும் இல்லாத தேமல் உடம்பில் எங்காவது இருந்தால் அது தொழுநோயாகவும் இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம். 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் குணமாகிவிடும்.

ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. இடுக்கில் படர்தாமரையோடு வருகிறவர்களை அங்கே தினமும் பார்ப்பார்கள் என்று கணவரிடம் சொல்லுங்கள். இதுவரை பூசிய டியூப்களை ஒரு கவரில் போட்டுக் கையோடு கொண்டு போங்கள். அவர் வாய் திறந்து சொல்லக் கூச்சப்பட்டாலும் டாக்டருக்குப் பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும்.